சைகோன் கத்தியும் ஆவூர் வாளும்

சவரிநாதனுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கே பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். ஞானசெல்வி யோசிக்கக்கூட இல்லை. முதல் புருஷன் கல்யாணமான மறு வருஷமே பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்திருந்தான். அதன் பிறகு அண்ணன் வீட்டில், அண்ணன் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே முப்பது வயதைத் தொட்டிருந்தாள். வருகிறவன் ஒரு பிள்ளையோடு வந்தால் வரட்டுமே என்றுதான் தோன்றியது. பிள்ளை என்றதும் அவள் மனத்தில் வந்தது இடுப்பில் ஏற்றிக்கொள்கிற அளவில் ஒன்று. கீரனூர்ச் சந்தைக்குப் போன அண்ணனிடம் சொல்லிச் சின்னதாகக் கண்ணாடி வளையல்கூட வாங்கி வைத்திருந்தாள்.

கல்யாணத்தன்று ஆவூர் மாதா கோயில் வாசலில் மாட்டுவண்டியை விட்டு இறங்கிய பிள்ளை அவளைவிட நாலு விரல் உயரமாக இருந்தது. பதினைந்து வயது. அந்த வளையலை ஞானசெல்வி எடுத்துக் காட்டவே இல்லை.

பெயர் தெரேஸ். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் சைகோனில். சவரிநாதன் வாலிபத்தில் ஒரு மாமனோடு கப்பலேறிப் போய், அங்கே பிரெஞ்சு ஆபீசர்களின் கிளப் ஒன்றில் வேலைக்கு அமர்ந்தவன். அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். அவளுக்கு நெஞ்சில் நோய் கண்டு, இருமி இருமியே போய்விட்டாள். பிரெஞ்சுக்காரர்கள் சண்டையில் தோற்று மூட்டை கட்டியபோது இவனும் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினான். இப்போது கீரனூரில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் பிட்டர். காலையில் சைக்கிளை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வருவான்.

ஆக, வீட்டில் பகல் முழுக்க இரண்டு பெண்கள். ஒருத்திக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இன்னொருத்திக்குத் தமிழ் மட்டும்தான் தெரியாது.

தெரேஸ் முரண்டு பிடிக்கிறவள் இல்லை. கூப்பிட்டால் வருவாள். போட்டதைச் சாப்பிடுவாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "மெர்சி, மதாம்" என்று நன்றி சொல்லித் தலையைக் குனிவாள். அந்த மரியாதைதான் ஞானசெல்வியை அறுத்தது. மல்லுக்கு நிற்கிற பிள்ளையாக இருந்தால் சமாதானம் பண்ணலாம். விருந்தாளியை என்ன செய்வது?

பக்கத்து வீட்டுச் செங்கமலம் உப்பு, நெருப்பு என்று ஏதாவது கேட்டு வந்து, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். "கண்ணு கீத்தாட்டம் இருந்தாலும் மூக்கு அப்பன் மூக்குதான்" என்று தீர்ப்பும் சொல்லுவாள். தெரேசுக்கு அர்த்தம் தெரியாது. பேச்சு தன்னைப் பற்றியது என்று மட்டும் தெரியும். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

அங்கே என்ன செய்கிறாள் என்று ஞானசெல்வி பின்னாலேயே போய்ப் பார்த்ததில்லை. வேவு பார்த்த மாதிரி ஆகிவிடும் என்று விட்டிருந்தாள். தை மாதத்தில் ஒருநாள் மத்தியானம், காயவைத்த கடலையைக் கிளறிவிடப் போனவள் வைக்கோல்போரைத் தாண்டியதும் அப்படியே நின்றாள்.

தெரேஸ் கனத்த வெள்ளைச் சட்டை ஒன்றைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள். முகத்தில் கம்பிவலைக் கூடு. கையில் ஒரு கத்தி. அதைக் கத்தி என்று சொல்லலாமா என்றே ஞானசெல்விக்குச் சந்தேகமாக இருந்தது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. வெட்டுவதற்கு ஓரம் இல்லை. நுனியில் பித்தான் மாதிரி ஒரு மழுங்கல். புளியமரத்துக் கிளையில் பழைய சாக்கு ஒன்றை மண் நிரப்பித் தொங்கவிட்டிருந்தாள். இடது கையைப் பின்னால் உயர்த்திக்கொண்டு முன்னால் போனாள், பின்னால் வந்தாள், மறுபடி முன்னால் போனாள். சட்டென்று முன்கால் நீண்டு, பின்கால் விறைத்து, உடம்பு முழுக்க ஒரே கோடாகி, நுனி போய்ச் சாக்கில் ஊன்றியதும் கத்தி வில்லாக வளைந்தது.

ஞானசெல்விக்குக் கடலை மறந்துபோயிற்று.

அவள் அப்பா ஜெபமாலை வாத்தியார் சுற்றுவட்டாரத்தில் சிலம்பமும் வாள்வீச்சும் சொல்லிக்கொடுத்தவர். ஈஸ்டரை ஒட்டி வரும் பாஸ்கா திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் வாள் வீசிப் போவது அந்த வீட்டு ஆண்கள்தான். அண்ணன் சூசைமாணிக்கத்துக்கு எதிராளி கிடைக்காத நாட்களில் அப்பா தங்கச்சியைத்தான் களத்தில் நிறுத்துவார். எதிராளியாக நின்றே அவள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். முதல் கல்யாணத்தோடு அது நின்றுபோனது. கை கொஞ்சம் மறந்திருக்கலாம், கண் மறக்கவில்லை.

அந்தக் கண்ணுக்கு முதலில் பட்டது தரை. ஒரே நேர்கோட்டில் மண் தேய்ந்து வாய்க்கால் மாதிரி கிடந்தது. வந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளை இந்த ஒரு கோட்டில்தான் போய்ப் போய் வந்திருக்கிறது. அங்கிட்டும் இங்கிட்டும் ஒரு காலடிகூட இல்லை.

"ஏத்தா, பக்கவாட்டுல வந்து ஒருத்தன் வெட்டுனா என்ன பண்ணுவ?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

தெரேஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். கூட்டைக் கழற்றிவிட்டு, கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். திட்டு விழப்போகிறது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

பேச்சு இங்கே உதவாது என்று ஞானசெல்விக்குப் புரிந்தது. வேலியோரம் கிடந்த புளிய விளாறு ஒன்றை எடுத்து இலையை உருவினாள். சேலையை வரிந்து கட்டினாள். குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தபோது, தெரேஸ் மறைத்த கத்தியை முன்னால் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து, விசுக்கென்று கீழே இறக்கினாள். அது அவர்கள் ஊர் வணக்கம் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஞானசெல்வி காலடி வைத்து, விளாறைத் தலைக்கு மேல் சுழற்ற ஆரம்பித்தாள். ஆரம்பித்ததுதான் தெரியும். நெஞ்சில் 'டொக்' என்று பித்தான் பட்டது. சரி, கை பழக்கம் விட்டுப்போயிற்று என்று மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் டொக். ஒரு சுற்றுச் சுற்றி வாளை வீச எவ்வளவு நேரமோ, அதில் பாதிகூட அந்தக் கத்திக்கு வேண்டியிருக்கவில்லை. நேராக வந்தது, பட்டது, போயிற்று. மூன்றாம் தடவை பட்டதும் ஞானசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தெரேஸ் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் அந்தப் பிள்ளை சிரித்து ஞானசெல்வி கேட்டது அதுதான் முதல் தரம்.

அடுத்த ஆட்டத்தில் ஞானசெல்வி எதிரே நிற்கவில்லை. வலப்பக்கம் காலை மாற்றி, வட்டமாக நடந்து, தெரேஸ் திரும்புவதற்குள் அவள் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நோன்!" என்றாள் தெரேஸ். காலால் மண்ணில் இரண்டு பக்கமும் கோடு கிழித்துக் காட்டினாள். கோட்டுக்கு வெளியே போகக் கூடாது. தன் கையைக் காட்டித் தலையை ஆட்டினாள். கை கணக்கில்லை. காலைக் காட்டினாள். அதுவும் கணக்கில்லை. கழுத்துக்குக் கீழே இடுப்புக்கு மேலே பட்டால்தான் கணக்கு. அதுவும் நுனி பட வேண்டும். பக்கவாட்டில் அடித்தது அடியே இல்லை.

"கை வெட்டுப்பட்டா ஒங்க ஊர்ல ரத்தம் வராதா?" என்று ஞானசெல்வி கேட்டாள். தெரேஸ் தோளைக் குலுக்கினாள். கேள்வி என்னவென்று அவளுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

அன்றையிலிருந்து மத்தியான வேலை முடிந்ததும் இரண்டு பேரும் கொல்லைக்குப் போவது வழக்கமாயிற்று. முகக்கூட்டை தெரேஸ் கட்டாயப்படுத்தி ஞானசெல்விக்கு மாட்டிவிடுவாள். தனக்கு வேண்டாம், உன் கைக்கு நான் பயப்பட வேண்டியதில்லை என்கிற மாதிரி கண்ணைச் சிமிட்டுவாள். ஒருநாள் இரண்டு பேர் அடியும் ஒரே சமயத்தில் பட்டுவிட்டது. தெரேஸ் தனக்குத்தான் கணக்கு என்றாள். முதலில் கிளம்பியது தான்தான், கிளம்பியவளைத் தடுத்துவிட்டுத்தான் எதிராளி திருப்பிக் குத்தலாம் என்று அபிநயம் பிடித்துக் காட்டினாள்.

"ரெண்டு பேரும் செத்தாச்சு. இதுல மொதல்ல கெளம்புனது யாருன்னு என்ன பஞ்சாயத்து?" என்றாள் ஞானசெல்வி, கூட்டுக்குள்ளிருந்து.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. தன் விளாறு நெஞ்சில் பட்ட போதெல்லாம் தெரேஸ் இடது கையைத் தூக்கி, "தூசி" என்றாள். ஞானசெல்வியும் முதலில் அவள் சட்டையைத் தட்டிவிட்டாள். தட்டத் தட்டப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது.

அன்று ராச்சாப்பாட்டில் புருஷனிடம் கேட்டாள். "என்னங்க, ஒங்க சைகோன்ல அடிபட்டா எதுக்கு தூசிங்குறாங்க?"

சவரிநாதன் கையில் எடுத்த சோற்றைக் கீழே வைத்தான். மகளைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தாள்.

"தூசி இல்ல செல்வி. துஷே. பட்டுருச்சுன்னு அர்த்தம்" என்றான். "அங்க நாலு பக்கமும் நாலு பேரு நின்னு, பட்டுச்சா படலையான்னு பாப்பாங்க. ஆனாலும் குத்துப்பட்டவன் முந்திக்கிட்டு அவனே கையத் தூக்கி ஒத்துக்கணும். அதுதான் அந்த ஆட்டத்துக்கு மரியாத."

"அடிபட்டவனே ஒத்துக்குவானா?" ஞானசெல்விக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பாவின் களத்தில் கம்பு நுனியில் விபூதியோ கரியோ தொட்டுக்கொள்வார்கள். எதிராளி மேல் பொட்டு விழுந்தால்தான் அடி. பொட்டு விழுந்த பிறகும், அது நேற்றைய கறை என்று சாதிக்கிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள்.

சவரிநாதன் சிரிக்கவில்லை. "கிளப்புல கத்திப் பயிற்சிக்கூடத்த நான்தான் பாத்துக்கிட்டேன். ஆபீசருங்களுக்கு எதிர எவனும் இல்லாட்டி என்னைய நிறுத்துவாங்க. இவ தவழ்ந்ததே அந்தத் தரையிலதான். பிரெஞ்சுக்காரப் பொண்ணுங்களோட போட்டியில நின்னு மெடல் வாங்குனா. இவ அம்மா படுத்ததுலேருந்து நான் கத்திய தொடல. இங்க வந்து அதெல்லாம் வேணாம்னு இவகிட்டயும் சொல்லியிருந்தேன்."

"இருக்கட்டுமேங்க" என்றாள் ஞானசெல்வி. "எனக்கும் பொழுது போகுது."

அவன் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

தெரேஸின் வாயில் தமிழ் ஒவ்வொரு சொல்லாக ஏறியது. எல்லாம் கொல்லையில் கற்ற சொற்கள்: அங்கிட்டு, இங்கிட்டு, காலு, பொறவு, விடு, வா. சவரிநாதன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளும் 'செல்வி' என்றே கூப்பிட ஆரம்பித்தாள். "பெத்தவளா இல்லாட்டியும் பேரச் சொல்லியா கூப்புடுறது?" என்று செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானசெல்வி திருத்தவில்லை. அம்மா என்று கூப்பிட அந்தப் பிள்ளைக்கு ஒருத்தி இருந்தாள். அந்த இடத்தில் போய் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. மதாம் போய் செல்வி வந்ததே போதும் என்றிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கியதும் அண்ணன் திருவிழாவுக்காக வாள்களைத் துடைத்து எண்ணெய் போட்டான். அதில் ஒன்றை ஞானசெல்வி கேட்டு வாங்கி வந்தாள். வீச்சுக்கு வைத்திருக்கிற மழுங்கிய வாள்தான். ஆனாலும் இரும்பு. விளாறு அந்தக் கத்தியின் முன்னால் எலிவால் மாதிரி ஆடியது அவளுக்கு ரோஷமாக இருந்தது. வாளைக் கண்டதும் தெரேஸின் முகம் மலர்ந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கோட்டில் வந்து நின்றாள்.

அன்று ஆட்டம் நன்றாக இருந்தது. தெரேஸ் இப்போதெல்லாம் கோட்டை விட்டு விலகிக் கால் மாற்றக் கற்றிருந்தாள். ஞானசெல்வியும் வீணாகச் சுழற்றுவதை விட்டுவிட்டு, நுனி எங்கே வருகிறது என்று மட்டும் பார்க்கக் கற்றிருந்தாள். தெரேஸ் பாய்ந்தாள். ஞானசெல்வி மேலிருந்து வாளை இறக்கினாள். 'டிங்' என்று ஒரு சத்தம். பித்தான் வைத்த நுனி எங்கோ பறந்து போனது. பாய்ந்த உடம்பு நிற்கவில்லை. முறிந்த கத்தி ஞானசெல்வியின் இடது புஜத்தில் ஏறி, மறுபக்கம் தோலைக் கிழித்துக்கொண்டு நின்றது.

வலி அப்புறம்தான் வந்தது. முதலில் அவள் கண்டது தெரேஸின் முகத்தை. அதில் சொட்டு ரத்தம் இல்லை.

"சேசு மரி சூசை!" என்று ஞானசெல்வி உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைந்தது. சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப்புறம் வந்த செங்கமலம், கத்தியையும் ரத்தத்தையும் பார்த்தாள். அவ்வளவுதான். "சக்களத்தி மக குத்திப்புட்டாளே!" என்று அவள் போட்ட கூச்சல் தெருக்கோடிவரை போயிற்று.

கோயில் ஆஸ்பத்திரியில் கன்னியர் ஒருவர் காயத்தைக் கழுவித் தைத்தார். எலும்பில் படவில்லை, நரம்பில் படவில்லை, மாதா காப்பாற்றினாள் என்றார். யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லி, சவரிநாதன் கிரீஸ் கையோடு ஓடிவந்தான். அங்கே கூடியிருந்தவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டான். ஞானசெல்வி சொல்ல வாயெடுத்ததை மட்டும் கேட்கவில்லை. வாசலில் சுவரோடு ஒட்டி நின்ற மகளைப் பார்த்துப் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை கத்தினான். பிறகு தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி, "பாண்டிச்சேரியில கன்னியர் மடம் இருக்கு. கொண்டுபோய் விட்டுடுறேன். இவ இங்கிட்டு ஒட்ட மாட்டா" என்றான்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் தெரேஸ் இல்லை. கட்டிலுக்கடியில் கிடக்கும், அவள் கத்திகளை வைக்கிற நீளமான கித்தான் பையும் இல்லை.

சவரிநாதனின் கோபம் அந்த நிமிஷமே போன இடம் தெரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு விராலிமலை ரோட்டில் பறந்தான். ஞானசெல்வி யோசித்துப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்கு நம் ஊரில் எந்த வழி தெரியும்? கப்பலை விட்டு இறங்கி, ரயிலில் வந்து, கீரனூர் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து வண்டியில் வந்தது. வந்த வழி ஒன்றுதான் தெரியும். அண்ணனைக் கூப்பிட்டு வண்டியைப் பூட்டச் சொன்னாள்.

"இந்தக் கையோடயா?" என்றான் சூசைமாணிக்கம்.

"மாட்ட நீ ஓட்டுண்ணே. கை சும்மாதானே வரப்போகுது."

கீரனூர் ஸ்டேஷனில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு தெரேஸ் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறாள்; கணுக்கால் வரை புழுதி. ஞானசெல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

தெரேஸ்தான் முதலில் பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"மமா..." என்று தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு வாயைத் தொட்டாள். "மமா, ரத்தம். துணி, ரத்தம். பொறவு ரத்தம். பொறவு... மமா இல்ல."

ஞானசெல்வி பெஞ்சில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

தெரேஸ் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், தொடவில்லை. "இப்ப செல்வி ரத்தம்" என்றாள். "பொறவு செல்வி இல்ல." அதற்கு மேல் தமிழ் இல்லை. உதடு கோணிக்கொண்டது.

பாண்டிச்சேரிக்குப் பயந்தோ, அப்பனுக்குப் பயந்தோ இந்தப் பிள்ளை ஓடிவரவில்லை என்பது ஞானசெல்விக்கு அப்போதுதான் விளங்கியது. இன்னொரு தரம் ஒருத்தி சாவதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடியாமல் ஓடிவந்திருக்கிறது.

"அட கிறுக்கு" என்றாள். "இந்தக் கீறலுக்கு எவளாவது சாவாளா? இங்க பாரு."

நல்ல கையால் இடது புருவத்து மயிரை ஒதுக்கிக் காட்டினாள். அதற்குள் ஒரு வெள்ளைத் தழும்பு. "இது எங்கண்ணன். அந்தா, வண்டி மாட்ட தட்டிக்கிட்டு நிக்கிறானே, அவன்தான்." சேலையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலுக்குக் கீழே காட்டினாள். "இது எங்கப்பாரு. கால் மாத்தாம நின்னேன்னு போட்டது." கட்டைவிரல் அடியில் ஒரு கீற்று. "இது நானே. எவனையும் குத்தம் சொல்ல முடியாது."

தெரேஸ் குனிந்து ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். புருவத்துத் தழும்பில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் பழைய காயம் ஒன்று, அரிசி அளவில்.

"யாரு?" என்றாள் ஞானசெல்வி.

"பப்பா" என்றாள் தெரேஸ்.

அதற்குள் ரயில் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கொடியும் கையுமாக வந்த போர்ட்டர், பையோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "ஏறலையாம்மா?" என்றான்.

"இல்லைங்க. சும்மா ரயில பாக்க வந்தோம்" என்றாள் ஞானசெல்வி.

ரயில் போனதும் தெரேஸ் எழுந்தாள். பையைத் தான் தோளில் மாட்டிக்கொண்டு, ஞானசெல்வியின் நல்ல கைப்பக்கமாக வந்து நடந்தாள்.

வீட்டு வாசலில் சவரிநாதன் சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட மறந்து பிடித்தபடியே நின்றிருந்தான். மகளைக் கண்டதும் முகத்தை வேறு பக்கம் திருப்பித் துடைத்துக்கொண்டான். ஞானசெல்வி அவனைத் தனியாகக் கூப்பிடவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, பார்க்கட்டும் என்று அங்கேயே சொன்னாள்.

"இங்க பாருங்க. என் வாள் பட்டுத்தான் அவ கத்தி ஒடஞ்சுச்சு. ரெண்டு பேரு விளையாடுனதுல ஒருத்தி மேல மட்டும் பழி போட முடியாது. பாண்டிச்சேரிக்கு அனுப்புறதா இருந்தா ரெண்டு பேரையும் அனுப்புங்க."

"அவ பாஷ பேசுற ஆளு அங்க இருக்காங்கன்னுதான்..." என்று சவரிநாதன் இழுத்தான்.

"அவ பேசுனது எனக்கு வெளங்குச்சுங்க" என்றாள் ஞானசெல்வி. "இன்னைக்கு நல்லாவே வெளங்குச்சு."

பாண்டிச்சேரிப் பேச்சு அதோடு நின்றது. காயம் ஆறும்வரை வீட்டு வேலை எல்லாம் தெரேஸ் செய்தாள். அவள் அரைத்த சட்னியில் உப்பு கரித்தது. அவள் இறைத்த தண்ணீரில் பாதி வழியிலேயே சிந்தியது. ஞானசெல்வி குறை சொல்லவில்லை. சவரிநாதன் சொல்லவிருந்தான், அவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

பாஸ்கா முடிந்தது. சூசைமாணிக்கம் சப்பரத்துக்கு முன்னால் வாள் வீசி, மாலையெல்லாம் வாங்கிக்கொண்டான். மறுநாள் சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்கு வந்தான். வாளையும் கொண்டுவந்திருந்தான். கொஞ்ச நேரம் மாட்டைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான். கடைசியில் கேட்டேவிட்டான்.

"அந்தப் புள்ள கத்தி இன்னொண்ணு இருக்காமே. நானும் ஒரு கை பாக்கட்டா?"

இந்தத் தடவை இரும்பு வேண்டாம் என்று ஞானசெல்வி கண்டிப்பாகச் சொன்னாள். அண்ணனுக்கு வாள் நீளத்துக்கு ஒரு பிரம்பு. தெரேசுக்கு அவள் கத்தி. கூடு அவள் முகத்திலேயே இருந்தது. அவனுக்கு மாட்டப் போனால் மீசை நசுங்கும் என்று மறுத்துவிட்டான்.

சூசைமாணிக்கம் நெஞ்சில் நாலைந்து தரம் குத்து வாங்கினான். தெரேஸ் காலிலும் கையிலும் முதுகிலும் அதே அளவு அடி வாங்கினாள். முடிந்ததும் யார் ஜெயித்தது என்பதில் ஒரே தகராறு. அவள் கணக்கில் அவன் அடித்த ஒன்றுகூட அடியில்லை. அவன் கணக்கில், அவளுக்கு ஒரு கால் போய் ரொம்ப நேரம் ஆயிற்று.

"இல்ல செல்வி" என்று அவன் மூச்சு வாங்க உட்கார்ந்தான். "இந்தக் கத்தி ஒருத்தனுக்கு ஒருத்தன் நிக்கிறதுக்கு. எதிர நிக்கிறவனத் தவிர ஒலகத்துல எவனும் இல்லைங்குற மாதிரி வருது. நம்ம வாளு கூட்டத்துல மாட்டிக்கிட்டவன் வீசுறது. நாலு பக்கமும் ஆளு இருக்கான், எவன் எப்ப வருவான்னு தெரியாது. அதான் சுத்துறோம், சுத்திக்கிட்டே இருக்கோம்." நெஞ்சைத் தடவிக்கொண்டான். "ஆனா ஒருத்தன் மட்டும் எதிர நின்னான்னா, இந்தப் புள்ளைக்கிட்ட நான் செத்தேன்."

தெரேசுக்கு அவன் சொன்னதில் பாதி புரிந்திருக்கும். கூட்டைக் கழற்றினாள். கத்தியை முகத்துக்கு நேரே நிமிர்த்தி அவனுக்கு வணக்கம் வைத்தாள். அவன் அவசரமாக எழுந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான்.

இவ்வளவு நேரமும் கிணற்றடியில் சும்மா உட்கார்ந்திருந்த சவரிநாதன் எழுந்து வந்தான். மகள் கையிலிருந்த கூட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். வலையில் ஒரு கம்பி நெளிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தி நேராக்கினான். அப்புறம் அதை மறுபடி மகள் முகத்தில் மாட்டி, பின்னால் வாரை இறுக்கிவிட்டான்.

"மச்சான், அந்தப் பிரம்ப இங்க குடுங்க" என்றான்.

ஞானசெல்வி அவனைப் பார்த்தாள். வேட்டியை மடித்துக் கட்டி, வலது காலை முன்னால் வைத்து, இடது கையைப் பின்னால் தூக்கினான். கிரீஸ் படிந்த அந்தக் கை காற்றில் எவ்வளவு லேசாக நின்றது! எட்டு மாதம் அவனோடு குடும்பம் நடத்தியும் அவன் இப்படி நிற்பான் என்று அவளுக்குத் தெரியாது.

"நாலு பக்கமும் ஆளு வேணும்" என்றான் சவரிநாதன். "செல்வி, நீ அங்கிட்டு நில்லு. மச்சான், நீங்க எதிர்ப்பக்கம்."

வேலிக்கு மேலே செங்கமலத்தின் தலை தெரிந்தது. ரத்தம் பார்த்த நாளிலிருந்து அவள் இந்தப் பக்கம் வரவில்லை.

"நீயும் வா செங்கமலம்" என்று ஞானசெல்வி கூப்பிட்டாள். "பட்டுச்சா படலையான்னு பாத்துச் சொல்லணும், அவ்வளவுதான்."

கூப்பிட்ட மாத்திரத்தில் செங்கமலம் முள்வேலியை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நாலாவது ஆளுக்கு ஆள் இல்லை, புளியமரத்தை வைத்துக்கொண்டார்கள்.

அப்பனும் மகளும் வணக்கம் வைத்துக்கொண்டார்கள். பழைய தேய்ந்த கோட்டில், முன்னும் பின்னுமாக, சத்தமில்லாமல் போனார்கள். செங்கமலம் இரண்டு பேரில் யார் அசைந்தாலும் "பட்டுருச்சு!" என்று கத்தினாள். "பொறு ஆத்தா, இன்னும் கிட்டயே வரலை" என்று சூசைமாணிக்கம் அவளை அதட்டினான். சவரிநாதன் ஒரு தரம் பிரம்பைத் தாழ்த்தி ஏமாற்றி, மகள் நெஞ்சில் மெல்ல வைத்தான். அவள் கையைத் தூக்கி ஒத்துக்கொண்டாள். அடுத்தது அவள் முறை. பாய்ந்து வந்த நுனி அவன் விலாவில் பட்டு வில்லாக வளைந்தபோது, அவன் கையைத் தூக்கவில்லை. அப்படியே நின்றான். கண் கலங்கியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். செங்கமலம்கூட வாயைத் திறக்கவில்லை.

"பப்பா?" என்றாள் தெரேஸ்.

"ஒண்ணுமில்ல. இன்னொண்ணு" என்றான் அவன், தமிழிலேயே. மறுபடி கால் மாற்றி நின்றான்.

ஆட்டம் நீண்டுகொண்டே போயிற்று. யாருக்கும் நிறுத்த மனம் வரவில்லை. வெயில் புளியமரத்து உச்சிக்கு ஏறியிருந்தது. ஞானசெல்வி தைத்த கையை நெஞ்சோடு ஏந்திக்கொண்டு, தன் பக்கத்தை விட்டு அசையாமல் நின்றாள். நுனியைப் பார்க்க வேண்டியவள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டுக்குள் இருந்த முகம் தெரியவில்லை. இருந்தாலும் அது சிரிக்கிறது என்று தெரிந்தது.

திடீரென்று தெரேஸ் கத்தியைத் தாழ்த்தினாள். மூக்கை உறிஞ்சினாள். கூட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, அடுப்படியைப் பார்த்து ஓடினாள்.

"செல்வி, சோறு! சோறு கருகுது!"

அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு வாடையே அடித்தது.